ஆறு மணிவரை அது கயிறு

எங்கள் வீட்டில் அந்த நாளைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் மாலை நான்கு மணி பத்து நிமிடம் என்பார்கள். எனக்கு மட்டும் அது மதியம் பன்னிரண்டேகால். இஞ்சின் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் நான் பார்த்த நேரம் அது. கெட்டது அப்போதுதான் தொடங்கியது. இதை இத்தனை வருடங்களில் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதுவதும் என் மகளால்தான்.

சென்ற மாதம் சிரம்பானில் ஒரு கடையில் நின்றுகொண்டிருந்தோம். மகளுக்குப் பன்னிரண்டு வயது. விளையாட்டுப் பெட்டி வாங்கியாயிற்று, அதை டிவியோடு இணைக்க ஒரு கேபிள் வேண்டும். ஒரு கையில் துணி சுற்றிய தடித்த கேபிள், முனையில் தங்க நிறம். மறு கையில் மெலிந்த, கறுப்பான, சாதாரண கேபிள். "எதும்மா நல்லது?" என்று இரண்டையும் என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நான் சட்டென்று பின்வாங்கினேன். அலமாரியில் இருந்த பெட்டி ஒன்றைத் தட்டிவிட்டேன். கடைப் பெண் ஓடிவந்து, "ஆண்ட்டி, ஓகேவா?" என்றாள். மகள் சிரித்தாள். "எங்கம்மாவுக்கு வயருன்னாலே பயம்லா. வீட்டுல பல்பு மாத்தறதுக்கே மெயின் ஸ்விட்ச மூடிட்டு, ரப்பர் சிலிப்பர் போட்டுக்கிட்டு வந்து நிப்பாங்க."

அது உண்மைதான். ஆனால் காரணம் அவளுக்குத் தெரியாது.

நம் வயதுக்காரர்களில் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். அப்போது வெளியிலிருந்து கரண்ட் வராது. தோட்டத்து இஞ்சின் ஓடினால்தான் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், அதாவது லயத்தில், விளக்கு எரியும். எங்கள் தோட்டம் சிரம்பானிலிருந்து போர்டிக்சன் போகும் வழியில் உள்ளே தள்ளி இருந்தது. மாலை ஆறு மணிக்குக் கரண்ட் வரும், பத்து மணிக்குப் போகும். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிறவர்களுக்காக விடியலில் ஒரு மணி நேரம். அவ்வளவுதான். அந்த இஞ்சினை ஓட்டியவர் எங்கள் அப்பா. இஞ்சின் முதலில் இருமும். பிறகு தாளம் பிடிக்கும். சூடேறும்வரை ஓரிரு நிமிடம் சும்மா ஓட விட்டுப் பிறகுதான் அப்பா லீவரைத் தள்ளிக் கரண்ட் விடுவார். வாசலில் நின்றபடி, இதோ இப்போது தள்ளுவார் என்று நாங்கள் எண்ணிக்கொண்டிருப்போம்.

அதனால் பகலில் எங்கள் தோட்டத்தில் யாரும் வயருக்குப் பயந்ததில்லை. பல்பு ஹோல்டரைக் கழற்றித் துடைப்பார்கள். ஈரத் துணியை வயர் மேல் போட்டுக் காய வைப்பார்கள். அப்பாவே கொடியில் துணி போடும் பெண்களிடம் சொல்வார்: "ஆறு மணிவரைக்கும் அது கயிறு. ஆறு மணிக்கு மேலதான் அது பாம்பு." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். பிள்ளைகள் காதுபடச் சொல்லக்கூடிய வார்த்தையா அது என்று இன்று தோன்றுகிறது.

அந்த வருடம் மாமா ஒரு பெட்டி கொண்டுவந்தார். மாமா அம்மாவின் தம்பி. சுங்கை காடுட்டில் டிவி பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. கூட வேலை செய்த சீனப் பெண் வீடு மாறும்போது, பிள்ளைகள் விளையாடட்டும் என்று கொடுத்தாளாம். கறுப்புப் பெட்டி, முன்பக்கம் மரம்போல வரி ஓடும். கார் கியர்போல இரண்டு தடிகள், ஒவ்வொன்றிலும் சிவப்புப் பொத்தான். பறக்கும் கப்பலைச் சுடுகிற விளையாட்டு ஒன்று. அந்தப் பெட்டியை முகர்ந்தால் புதுச் செருப்பு வாசனை வரும். எல்லாம் இருந்தது. டிவிக்குப் போகும் கேபிள் மட்டும் இல்லை.

எங்கள் டிவி கறுப்பு வெள்ளை, மரக்கதவு வைத்து மூடுகிற வகை. அதன் பின்னால் ஏரியல் மாட்டும் இரண்டு திருகாணிகள்தான். அண்ணனுக்குப் பதினான்கு வயது, எனக்குப் பத்து. அண்ணன் முதலில் ஏரியலின் தட்டை வயரை ஒரு முழம் வெட்டி மாட்டினான். கப்பல் வந்தது. ஆனால் ஒன்றுக்குப் பதில் மூன்றாக, பனிக்குள் நடுங்கிக்கொண்டு வந்தது. எதைச் சுடுவது என்று தெரியாமல் இருவரும் செத்தோம். பிறகு மாமா தொழிற்சாலையிலிருந்து மெலிந்த வயர் ஒன்று கொண்டுவந்தார். அதை மாட்டினால் கப்பல் ஒன்றுதான், ஆனால் இஞ்சின் துடிக்கிற தாளத்துக்கு ஏற்றபடி படம் முழுக்கக் கோடு ஏறி இறங்கியது. அம்மா சமையல்கட்டிலிருந்து, "டிவி செட்டு வெடிச்சிடப் போகுதுடா, கழட்டு!" என்று கத்தினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா எங்களை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ராசா டவுனுக்குப் போனார். அங்கே ரேடியோ பழுதுபார்க்கும் கடை ஒன்று இருந்தது. ஈயம் உருகும் வாசனை, திறந்து கிடக்கும் ரேடியோக்கள். நானா என்று நாங்கள் கூப்பிடும் கடைக்காரர் உருண்டையான கேபிள் ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டிக் காட்டினார். நடுவில் செம்பு, சுற்றிலும் வெள்ளை, அதைச் சுற்றி வெள்ளிவலை.

"இதுதான்டா நல்ல சாமான். நடுவுல பாரு, செம்பு எவ்ளோ தடி! மேல வலை சுத்தியிருக்கா? வேற கரண்டு உள்ள பூந்துடாம காக்கறது அதுதான். ஒட்டு போடாத வயரா இருக்கணும், நீளம் கம்மியா இருக்கணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது நானா" என்றான் அண்ணன்.

"என்ன புரிஞ்சுது, சொல்லு பாப்போம்?"

"செம்பு தடியா இருக்கணும், ஒட்டு இருக்கக் கூடாது."

நானா மாமாவைப் பார்த்துச் சிரித்தார். "பாதிதான் ஏறியிருக்கு. பரவால்லலா, சின்னப் பையன்." அந்தக் கேபிள் அன்று ஒரு சாண் துண்டுதான் இருந்தது. சுருள் வந்ததும் தருவதாகச் சொன்னார். தோட்டத்து மாரியம்மன் திருவிழா முடிந்து வாங்கித் தருவதாக மாமாவும் சொன்னார். இரண்டு பெரியவர்கள் இருந்தும் அந்த மறு பாதியை அண்ணனுக்குச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

அண்ணனால் திருவிழா முடியும்வரை காத்திருக்க முடியாது. அதற்குக் காரணம் போர்டிக்சனிலிருந்து வரும் பெரியப்பா மகன். அவர்கள் வீட்டில் கலர் டிவி, நாள் முழுக்கக் கரண்ட். போன வருடம் வந்தபோது எங்கள் வாசலில் நின்றுகொண்டு எல்லோர் முன்னாலும் கேட்டான்: "என்னடா ஒங்க கரண்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டற மாதிரி நேரம் பாத்து விடறாங்க?" அந்தச் சிரிப்பு அண்ணனுக்கு வருடம் முழுக்கக் காதிலேயே இருந்தது. இந்த வருடம் மாரியம்மன் திருவிழாவுக்கு அவன் வரும்போது அந்தக் கப்பலைக் கோடில்லாமல், பனியில்லாமல் காட்டியாக வேண்டும்.

திருவிழா நாளும் வந்தது. அன்று பால் வெட்டு இல்லை. ஆனால் தோட்டத்து ரப்பர் தொழிற்சாலையின் இஞ்சின் வீட்டில் இஞ்சினைத் துடைத்து எண்ணெய் போடும் வேலை அப்பாவுக்கு இருந்தது. நான் சோற்றுக் கேரியரைக் கொண்டுபோனேன். அப்பா சாப்பிட்டுக் கையைக் கழுவியபடி சொன்னார்:

"பாப்பா, கோயில்ல மைக்செட்டு போடணுமாம். மேனேஜர் தொர நாலு மணிக்கே இஞ்சின போடச் சொல்லிட்டாரு. சைக்கிள்ல போய் லயத்துல சொல்றதுக்குக் காவக்கார ஜாகாவக் காணோம், அவனும் கோயிலுக்குப் போயிட்டான். நீ போற வழியில எல்லா வீட்டுலயும் சொல்லிடு. மொதல்ல நம்ம வீட்டுல சொல்லு. ஒங்கண்ணன் கைய வச்சிக்கிட்டு சும்மா இருக்கமாட்டான்."

"சரிப்பா."

"என்ன சொல்லுவ?"

"நாலு மணிக்குக் கரண்ட்."

"கெட்டிக்காரி" என்று ஈரக் கையால் என் தலையைத் தட்டினார். அப்போது மணி பன்னிரண்டேகால்.

தொழிற்சாலையிலிருந்து லயத்துக்குக் கித்தா என்ற ரப்பர் மரங்களுக்கு நடுவே கால் மணி நேர நடை. காலிக் கேரியர் கிணுகிணுவென்று ஆடியது. அந்தத் தாளத்துக்கு, "நாலு மணிக்குக் கரண்ட், நாலு மணிக்குக் கரண்ட்" என்று பாடிக்கொண்டேதான் வந்தேன். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. லயத்து முனையில் ஒரு காலி வீடு. அந்த வீட்டுக்காரர்கள் தொழிற்சாலை வேலைக்காகச் சுங்கை காடுட்டுக்குக் குடிபோய்விட்டார்கள். அந்த வீட்டு வாசலில் அண்ணன் நின்று கையை ஆட்டினான். விரல்களுக்கு நடுவே ஏதோ மின்னியது.

"கண்டுபிடிச்சிட்டேன்! பாரு, எவ்ளோ தடி!"

செம்புக் கம்பித் துண்டு. காலி வீட்டின் உள்ளே பல்புக்குப் போகும் வயரின் முனையைப் பேனாக்கத்தியால் சீவி எடுத்திருக்கிறான். "ஏரியல் வயருல ரெண்டு கம்பி இருக்குல்ல? இங்கயும் ரெண்டு இருக்கு. இறவாரத்துலேருந்து உள்ள வரைக்கும் ஒட்டே இல்ல. இந்த வீட்டுல யாருக்கு இனிமே வெளக்கு?"

நான் அந்தக் கம்பியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சிவப்பாக, கனமாக, தங்கம்போல இருந்தது. அந்த நொடியில் என் வாயிலிருந்த பாட்டு போய்விட்டது.

ஒரு மணிக்கு மழை பிடித்தது. மூன்றரை வரை விடவில்லை. அம்மா வீட்டில் இருந்ததால் அண்ணன் நல்ல பிள்ளைபோல உட்கார்ந்து தாளில் படம் வரைந்து, எந்தக் கம்பி எந்தத் திருகாணிக்கு என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். இடையில் ஒருமுறை, எதையோ சொல்ல வேண்டுமே என்று எனக்குத் தோன்றியது. கேரியரைக் கழுவி வைக்கவில்லை, அதுவாகத்தான் இருக்கும் என்று எழுந்துபோய்க் கழுவினேன். பிறகு அம்மா தட்டுத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனார். காலையிலிருந்தே கோயிலில் இருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் நான்கு மணி விஷயம் தெரியும். லயத்துக்கும் தெரிந்திருக்கும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

காலி வீட்டின் இறவாரத்தில், கம்பத்திலிருந்து வரும் இரண்டு வயர்களும் வந்து சேருமிடத்தில் ஒரு பீங்கான் கட்டை. அண்ணன் செருப்பில்லாமல் ஈரமான அரைச்சுவர் மேல் ஏறி நின்றான். கையில் அப்பாவின் குறடு, பிடியில் சிவப்பு ரப்பர் பாதி கிழிந்தது. முதல் வயரை வெட்டி உள்ளேயிருந்து உருவி என்னிடம் போட்டான். நான் அதை முழங்கையில் சுற்றிச் சுருட்டினேன். பழைய ரப்பரின் தூள் கையில் ஒட்டியது.

இரண்டாவது வயரை வெட்டும் முன் செம்பைப் பார்க்க வேண்டும் என்று அதன் தோலைச் சீவத் தொடங்கினான். அப்போது தொழிற்சாலைப் பக்கமிருந்து இஞ்சின் இருமியது.

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் திரும்ப வந்தது. கடிகாரம், ஈரக் கை, கெட்டிக்காரி.

"அண்ணே, இஞ்சின்."

"கேக்குதுலா. அப்பா எண்ணெய் போட்டுட்டு சும்மா ஓட்டிப் பாப்பாரு. ஆறு மணிக்கு முன்னாடி கரண்டு விடமாட்டாரு."

இங்கேதான், நண்பர்களே, நான் எழுத முடியாமல் நான்கு நாள் நிறுத்திவைத்தேன். இஞ்சின் தாளம் பிடித்துவிட்டது. லீவரைத் தள்ள இன்னும் ஒரு நிமிடம், அதிகம் போனால் இரண்டு. "அப்பா நாலு மணிக்கே விடுறேன்னு சொன்னாரு" என்று ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியம் என் நாக்கில் இருந்தது. சொன்னால், "ஏன்டி மத்தியானமே சொல்லல?" என்று கேட்பான். அப்பாவிடம் சொல்லிவிடுவான். கெட்டிக்காரி என்று சொன்ன வாயால் அப்பா என்னைத் திட்டுவார். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் பயம்தான் பெரிதாகத் தெரிந்தது. "அண்ணே, போதும், எறங்கு" என்று மட்டும் சொன்னேன்.

"இரு, ஒண்ணே ஒண்ணு" என்று இடது கையால் செம்பைப் பிடித்துக் குறட்டைத் தூக்கினான்.

லயம் முழுக்க ஒரே நேரத்தில் கூச்சல் கேட்டது. "கரண்டு வந்துருச்சு!" பிள்ளைகள் கைதட்டினார்கள். பகல் வெளிச்சத்தில் பல்புகள் எரிந்தன. கோயில் ஒலிபெருக்கி பக்திப் பாட்டை நடு வரியிலிருந்து பிடித்துக்கொண்டு அலறியது.

அண்ணன் கத்தவில்லை. அதுதான் இன்றும் என் கனவில் வருவது. பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு கயிறுபோலப் புடைக்க, என்னைப் பார்த்தபடி நடுங்கிக்கொண்டிருந்தான். குறடு கீழே விழுந்தது. முடி கருகுவதுபோல வாசனை வந்தது. தொடக்கூடாது, காய்ந்த கட்டையால் தட்ட வேண்டும் என்று அப்பா சொல்லித்தந்திருந்தார். காலி வீட்டுக்குள் பழைய மரப்பலகை ஒன்று சாத்தியிருந்தது. அதைத் தூக்கி அவன் முழங்கையில் அடித்தேன். முதல் அடி சுவரில் பட்டது. இரண்டாவது அடியில் அவன் பின்பக்கமாக வாசல் சேற்றில் விழுந்தான்.

பக்கத்து வீட்டு அக்கா கைதட்டிக்கொண்டே வாசலுக்கு வந்தவர் அப்படியே அலறினார். யாரோ தொழிற்சாலைக்குச் சைக்கிளில் பறந்தார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸர் வந்து அண்ணன் நெஞ்சில் இரண்டு கையும் வைத்து அழுத்தினார். "மூச்சு விடுடா, டேய், மூச்சு விடு!" கோயிலிலிருந்து அம்மா தலைவிரிகோலமாக ஓடிவந்தார். பாட்டு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு பிள்ளை மூச்சில்லாமல் கிடக்கும்போது மேலே ஒரு குரல் மனதாரப் பாடிக்கொண்டிருப்பதைப்போலக் கொடுமை வேறில்லை.

திடீரென்று அந்தக் குரல் இழுத்தது. தடித்தது. ஆண் குரல்போலாகி முனகி நின்றது. இஞ்சினை நிறுத்திவிட்டார்கள். அந்த அமைதியில் அண்ணன் இருமினான்.

அண்ணன் பிழைத்தான். இடது கையின் கடைசி இரண்டு விரல்களும் இன்றும் விரியாது. என் மகளை அந்தக் கையால்தான் தூக்கி வளர்த்தான். "மாமாவோட கொக்கி" என்பாள் அவள். அந்தக் கறுப்புப் பெட்டியை அம்மா எங்கள் மாமாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த மாதக் கடைசியில் அப்பாவை இஞ்சினிலிருந்து எடுத்து வெளிக்காட்டு வேலைக்குப் போட்டார்கள். முதுகில் தகரத் தொட்டியைச் சுமந்து புல்லுக்கு மருந்தடித்தார். இஞ்சின் எண்ணெய் வாசனை போய் அவர் சட்டையில் அந்த மருந்து நாற்றம் வந்தது, கடைசிவரை போகவில்லை. அதற்குப் பிறகும் பல வருடம் இருந்தார். என்னிடம் ஒருநாளும் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கடையிலிருந்து திரும்பும்போது காரில் என் மகள் எதையோ படித்துவிட்டுச் சொன்னாள்: "தடியா இருந்தாலும் மெலிசா இருந்தாலும் இவ்ளோ சின்ன நீளத்துக்கு எல்லாம் ஒண்ணுதான்மா. படத்துல வித்தியாசமே தெரியாதாம்." நான் காரை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

அன்று எல்லோரும் வந்த பிறகு கடைசியாக வந்தவர் அப்பா. தொழிற்சாலையிலிருந்து ஓடியே வந்திருந்தார். பனியனெல்லாம் கறுப்பெண்ணெய், ஒரு காலில் மட்டும் செருப்பு. அண்ணன் கண்ணைத் திறந்திருப்பதைப் பார்த்ததும் அங்கேயே சேற்றில் உட்கார்ந்தார். அவன் கையைத் தொடப் போய், எண்ணெய்க் கையென்று இழுத்துக்கொண்டார்.

அம்மா அவர் பனியனைப் பிடித்து உலுக்கினார். "ஏங்க, புள்ளைங்க கைய வைக்குமேன்னு நெனைக்கலையா? ஒரு வார்த்த சொல்லிட்டுப் போட்டா என்னங்க?"

மண்டோர் முன்னால் வந்தார். தோட்டத்து ஆட்களுக்கெல்லாம் அவர்தான் மேலாள். "தொர கேப்பாருய்யா. நேரந்தப்பி இஞ்சின் போட்டா லயத்துல சொல்லணுமா இல்லையா? சொன்னியா? யார்கிட்ட சொல்லிவிட்ட?"

அப்பா தலையைத் தூக்கினார். சுற்றி நின்ற ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம் நின்றார். என் முழங்கையில் அந்த வயர்ச் சுருள் இன்னும் அப்படியே இருந்தது. அவர் என்னைப் பார்த்தபடியே மண்டோருக்குப் பதில் சொன்னார்.

"யார்கிட்டயும் சொல்லலங்க. மறந்துட்டேன்."